வீட்டு கம்ப்யூட்டருக்கு டேப் டிரைவ்: எதை வாங்குறது, எப்படி மாட்டுறது

நீங்க கேட்டது இதுதான். வீட்ல ஒரே ஒரு டெஸ்க்டாப், போட்டோ வீடியோ வேலை ஃபைல் எல்லாம் சேர்ந்து 14 டிபி, ரெண்டு வருஷத்துல ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, அதனால டேப் டிரைவ் (காந்த நாடால டேட்டாவை எழுதுற கருவி) வாங்கலாமா, வாங்கினா எது, எப்படி மாட்டுறது, சத்தம் வருமா. நான் ரொம்ப வருஷமா வீட்டு பேக்கப்பை டேப்ல தான் வெச்சிருக்கேன், பண்ணக்கூடாத தப்பு எல்லாத்தையும் வரிசையா பண்ணி முடிச்சவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். சுருக்கமா வேணும்னா: 14 டிபிக்கு வாங்கலாம், செகண்ட் ஹேண்ட் எல்டிஓ-6 இல்லன்னா எல்டிஓ-7 (எல்டிஓங்கிறது டேப் ரகம், நம்பர் அதோட தலைமுறை), சாஸ் இன்டர்ஃபேஸ் (சர்வர்ல வர்ற டிஸ்க் இணைப்பு), எக்ஸ்டர்னல் பெட்டி. ஆனா டிரைவை வாங்குறதும் மாட்டுறதும் ஒரு நாள் வேலை தாங்க, அதுக்கு நிக்காம டேட்டா ஊட்டுறது தான் தினப்படி தலைவலி, அதைப் பத்தி யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல.

முதல்ல இது உங்களுக்குத் தேவையான்னு பார்த்துடலாம். டேப்ல காசு கணக்கு தலைகீழ். ஹார்ட் டிஸ்க்ல டிரைவும் டேட்டா உக்கார்ற இடமும் ஒண்ணு தான், டேப்ல டிரைவ் தனி, நாடா இருக்குற கார்ட்ரிட்ஜ் தனி. கார்ட்ரிட்ஜ் மலிவு, டிரைவ் தான் பையைக் காலி பண்ணும். 2 டிபி 3 டிபி வெச்சிருக்கவங்க டேப் வாங்கினா சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதை தான், அவங்க மூணு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாத்தி மாத்தி காப்பி போட்டு ஒண்ணை வேற வீட்ல வெச்சாலே போதும். 14 டிபி நடுவாந்தரமான அளவு. ஆனா பேக்கப்னா ஒரு காப்பி இல்ல, குறைஞ்சது ரெண்டு செட், அப்போ 28 டிபி, வீடியோ எடுக்குறவங்களுக்கு வருஷா வருஷம் ஏறிட்டே வேற போகும், அந்தக் கணக்குல டேப் நியாயமாயிடுது.

இன்னொரு காரணம் எனக்கு காசை விடப் பெருசு. டேப்பை வெளிய எடுத்து அலமாரில வெச்சுட்டா அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. ஃபைலைப் பூட்டி காசு கேக்குற ரான்சம்வேர் வந்தாலும் சரி, சாஃப்ட்வேர்ல ஏதாவது பக் வந்து எல்லா காப்பியையும் ஒரே நேரத்துல அழிச்சாலும் சரி, அலமாரில இருக்குறதைத் தொட முடியாது. 2011 பிப்ரவரில ஜிமெயில்ல ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்ல இருந்த பக்கால சுமார் 0.02 சதவீதம் பேரோட மெயில் காணாம போச்சு, பல டேட்டா சென்டர்ல காப்பி இருந்தும் அதே பக் அங்கயும் பாதிச்சுடுச்சு, கடைசில டேப்ல இருந்து தான் திருப்பி எடுத்தாங்க. கூகிளுக்கே டேப் தான் கை கொடுத்துதுன்னா பாத்துக்கங்க.

இனி எந்த டேப்புன்னு. தேடும்போது ரொம்ப மலிவா டிடிஎஸ், டேட் 72, டிராவன்னு பழைய டிரைவ் எல்லாம் கண்ணுல படும். டேட் 72ல ஒரு கார்ட்ரிட்ஜ் 36 ஜிபி. உங்க 14 டிபிக்கு ஏறக்குறைய நானூறு கார்ட்ரிட்ஜ் வேணும், உக்காந்து மாத்திட்டே இருக்கணும். அதுக்கு முன்னாடி 90கள்ல ஃபிளாப்பி கேபிள்லயே மாட்டுற டேப் டிரைவ் எல்லாம் இருந்துது, அதெல்லாம் பழைய டேப்பைப் படிச்சு எடுக்குறவங்களுக்கு மட்டும். இன்னிக்கு புதுசா ஆரம்பிக்குறவங்களுக்கு எல்டிஓ மட்டும் தான், வேற எதையும் யோசிக்காதீங்க.

எல்டிஓ 2000ல வந்துது, முதல் தலைமுறை 100 ஜிபி. அப்புறம் ஏறிட்டே போச்சு: எல்டிஓ-4 2007ல 800 ஜிபி, எல்டிஓ-5 2010ல 1.5 டிபி, எல்டிஓ-6 2012ல 2.5 டிபி, எல்டிஓ-7 2015ல 6 டிபி, எல்டிஓ-8 12 டிபி, எல்டிஓ-9 18 டிபி, 2025ல வந்த எல்டிஓ-10 30 டிபி. இந்த நம்பரை மட்டும் நம்புங்க. கார்ட்ரிட்ஜ் மேல பெரிய எழுத்துல இதை விட ரெண்டு மடங்கு ரெண்டரை மடங்கு போட்டிருப்பாங்க (எல்டிஓ-6ல 6.25 டிபின்னு இருக்கும்), அது கம்ப்ரஷன் பண்ணினா வரும்ங்கிற கணக்கு. டெக்ஸ்ட், டேட்டாபேஸ் மாதிரி இருந்தா வரலாம். போட்டோவும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கி வெச்ச ஃபைல், அதுல இன்னும் சுருக்க ஒண்ணும் இல்ல, அதனால உங்களுக்கு 2.5ன்னா 2.5 தான். 14 டிபிக்கு எல்டிஓ-5ல 10 கார்ட்ரிட்ஜ், எல்டிஓ-6ல 6, எல்டிஓ-7ல 3, எல்டிஓ-8ல 2. ரெண்டு செட்டுக்கு அதை ரெண்டால பெருக்கிக்கங்க.

அடுத்து எந்த டிரைவ் எந்த டேப்பைப் படிக்கும்ங்கிறது, இங்க தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. எல்டிஓ-7 வரைக்கும் விதி சுலபம்: ஒரு டிரைவ் தன் தலைமுறையையும் முந்தின தலைமுறையையும் எழுதும், அதுக்கும் முந்தினதைப் படிக்க மட்டும் செய்யும். எல்டிஓ-8ல ஹெட் (நாடால எழுதிப் படிக்குற பாகம்) டெக்னாலஜி மாறினதால அந்த விதி உடைஞ்சுது, அது 8ஐயும் 7ஐயும் மட்டும் தான் தொடும். எல்டிஓ-9 வந்தா 9, 8. எல்டிஓ-10 பழசு எதையுமே தொடாது. அதனால எல்டிஓ-7 டிரைவ் ஒரு ஜங்ஷன் மாதிரி, 5ஐப் படிக்கும், 6ஐயும் 7ஐயும் எழுதும், அதுல எழுதின 7 டேப்பை எல்டிஓ-8 டிரைவ்லயும் படிக்கலாம். இன்னிக்கு 5ல ஆரம்பிச்சு நாளைக்கு டிரைவ் மாத்துற எண்ணம் இருந்தா 7 வரைக்கும் தான் வழி இருக்கு, நேரா 8க்கு தாவினா பழைய டேப் எல்லாம் வெறும் பிளாஸ்டிக். டைப் எம்னு ஒண்ணு கூட இருக்கு, புது எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜை எல்டிஓ-8 டிரைவ்ல போட்டு 9 டிபி எழுதுறது, அதை எல்டிஓ-7 டிரைவ் படிக்காது, எல்டிஓ-9ம் படிக்காது, வீட்டுக்கு அந்த வம்பே வேண்டாம்.

என் யோசனை: பட்ஜெட் இடம் கொடுத்தா எல்டிஓ-7, கொடுக்கலன்னா எல்டிஓ-6. எல்டிஓ-5 மோசமில்ல, நானே அதுல தான் ஆரம்பிச்சேன், ஆனா 10 கார்ட்ரிட்ஜ், ஒவ்வொண்ணுக்கும் 3 மணி நேரம், பொறுமை வேணும். எல்டிஓ-4 வேண்டாம், எல்டிஎஃப்எஸ் அதுல வராது, அது என்னன்னு கீழ சொல்றேன். எல்டிஓ-8, 9 எல்லாம் செகண்ட் ஹேண்ட்லயே கை சுடும், உங்க டேட்டா 50 டிபி தாண்டினப்புறம் பேசிக்கலாம்.

டிரைவ் உருவத்துலயும் ரகம் இருக்கு. வீட்டுக்கு ஹாஃப் ஹைட் டிரைவ் தான் சரி, பழைய டிவிடி டிரைவ் போடுற 5.25 இஞ்ச் இடத்துல உக்காரும். ஃபுல் ஹைட்னா அந்த மாதிரி ரெண்டு இடம் வேணும், பெரும்பாலும் லைப்ரரில இருந்து கழட்டினதா இருக்கும். லைப்ரரின்னா டேட்டா சென்டர்ல ரோபோ கை டேப் மாத்துற பெரிய பெட்டி. அதுல இருந்து பிடுங்கின டிரைவ் செம மலிவா கிடைக்கும், ஆனா அதுல சிலது லைப்ரரிக்குன்னே தனி ஃபர்ம்வேரோட (டிரைவுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர்) வரும், தனியா மேசைல வெச்சா முழிக்கும், முன்பக்க மூடி பட்டன் எதுவும் இருக்காது. விக்கிறவங்ககிட்ட இது தனி டிரைவா லைப்ரரி டிரைவான்னு கேளுங்க, மழுப்பினா விட்டுடுங்க. அதே மாதிரி இன்டர்ஃபேஸ் ஃபைபர் சேனலா (டேட்டா சென்டர்ல வர்ற இன்னொரு இணைப்பு) சாஸான்னும் கேக்கணும். ஃபைபர் சேனல் டிரைவ் மலிவா இருக்குறதுக்குக் காரணமே அதை வீட்ல மாட்ட யாருக்கும் மனசு வராததுதான்.

செகண்ட் ஹேண்ட் டிரைவைச் சோதிக்க வழி இருக்கு. எச்பி டிரைவுக்கு லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ், ஐபிஎம் டிரைவுக்கு ஐடிடிடின்னு கம்பெனியோட டயக்னாஸ்டிக் சாஃப்ட்வேர் இருக்கு. அது டிரைவ் எவ்வளவு ஓடியிருக்கு, என்னென்ன எரர் பதிஞ்சிருக்குன்னு எடுத்துக் காட்டும், எழுதிப் படிச்சு டெஸ்ட்டும் பண்ணும். வாங்குறதுக்கு முன்னாடி அந்த ரிப்போர்ட்டைக் கேளுங்க. ரிப்போர்ட் இல்ல, லைட் எரியுது நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னா, லைட் எரியுறது பவர் சப்ளை நல்லா இருக்குங்கிறதுக்குத் தான் சாட்சி.

இப்ப மாட்டுற விஷயம். உங்க மதர்போர்டுல ஹார்ட் டிஸ்க் மாட்டுற சாட்டா போர்ட்ல சாஸ் டிரைவ் வேலை செய்யாது. கனெக்டர் பாக்க ஒரே மாதிரி இருக்கும், சாஸ் கார்டுல சாட்டா டிஸ்க் ஓடும், ஆனா சாட்டா போர்ட்ல சாஸ் ஓடாது, ஒருவழிப் பாதை. சாஸ்ல இருந்து சாட்டான்னு ஒரு சின்ன அடாப்டர் விப்பாங்க, அது வெறும் கனெக்டர் உருவத்தை மாத்துறது, உள்ள பேசுற பாஷை மாறாது, ஏமாறாதீங்க. அதனால ஒரு சாஸ் எச்பிஏ கார்டு (மதர்போர்டு ஸ்லாட்ல போட்டா சாஸ் சாக்கெட் கொடுக்குற கார்டு) கட்டாயம் வேணும். பல டிஸ்க்கை ஒண்ணா சேக்குற ரெய்டு கார்டு வேற எச்பிஏ வேற, ரெய்டு கார்டு நிறைய டேப் டிரைவைக் கண்டுக்கவே கண்டுக்காது. எல்எஸ்ஐ சிப் இருக்குற பழைய கார்டா வாங்குங்க, ஐடி மோடு ஃபர்ம்வேர்ல (ரெய்டு வேலை பண்ணாம டிரைவை அப்படியே காட்டுறது) இருக்கணும். 9207-8இ, 9300-8இ மாதிரி மாடல் பேரு வரும், கடைசி எழுத்து இ-ன்னா சாக்கெட் வெளிப்பக்கம், ஐ-ன்னா உள்பக்கம். எக்ஸ்டர்னல் டிரைவுக்கு ஐ கார்டு வாங்கிட்டு முழிச்சவங்களை நான் பாத்திருக்கேன், ஒருத்தர் கேபிளை ஸ்லாட் ஓட்டை வழியா வெளிய இழுத்து விட்டிருந்தார், ஓடத்தான் செஞ்சுது, கேஸை மூட முடியல அவ்வளவு தான்.

கேபிள்ல கவனம். சாஸ்லயே விநாடிக்கு 6 ஜிபிட் ஓடுற தலைமுறையோட எக்ஸ்டர்னல் சாக்கெட் எஸ்எஃப்எஃப் 8088, 12 ஜிபிட்னா எஸ்எஃப்எஃப் 8644, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நுழையாது, ஆனா ஒரு முனை இது மறு முனை அதுன்னு கேபிள் கிடைக்கும். கார்டு போட்டோ, டிரைவ் பின்பக்க போட்டோ ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு கேபிள் ஆர்டர் போடுங்க. ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் போதும். இன்டர்னல் டிரைவ்னா அதோட பின்னாடி இருக்குறது எஸ்எஃப்எஃப் 8482, கார்டுல 8087 அல்லது 8643, அதுக்கேத்த பிரிச்ச கேபிள், பவருக்கு தனி வயர் அதுலயே தொங்கும். வேகம் பத்திக் கவலைப்படாதீங்க, 6 ஜிபிட்லயே ஒரு டேப் டிரைவ் கேக்குறதை விட நிறைய இடம் இருக்கு. மேக், லேப்டாப் வெச்சிருக்கவங்களுக்கு தண்டர்போல்ட் டேப் டிரைவும் வருது, நல்லாத்தான் இருக்கு, விலைக்கு ரெண்டு பழைய சாஸ் டிரைவ் வாங்கிடலாம்.

கார்டை எந்த ஸ்லாட்ல போடுறதுன்னா, 8 லேன் (டேட்டா போற பாதை) கார்டா இருந்தாலும் 4 லேன் கிடைக்குற ஸ்லாட்லயே தாராளமா ஓடும், கிராபிக்ஸ் கார்டுக்கு கீழ இருக்குற நீள ஸ்லாட் சரியா இருக்கும். இந்த கார்டெல்லாம் சர்வர்ல புயல் மாதிரி அடிக்குற ஃபேன் முன்னாடி வாழப் பழகினது. வீட்டு கேஸ்ல காத்து இல்லாம வெச்சா ஹீட்சிங்க்ல விரல் வைக்க முடியாது, அதனால ஒரு சின்ன ஃபேனை அது மேல கட்டி விடுங்க. சர்வர் கம்பெனி பேர் போட்ட சில பழைய கார்டு வீட்டு மதர்போர்டுல போட்டா கம்ப்யூட்டர் ஆன் ஆகி ஸ்கிரீனே வராது. கார்டு செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, கனெக்டர்ல பி5, பி6ன்னு ரெண்டு பின் மேல சின்னதா இன்சுலேஷன் டேப் ஒட்டினா நிறைய நேரம் சரியாயிடும், எஸ்எம்பஸ் லைன்ல வர்ற தகராறு அது. டேப் டிரைவ் மாட்ட டேப் ஒட்ட வேண்டியிருக்கு, என்ன பண்றது.

இன்டர்னலா எக்ஸ்டர்னலான்னு கேட்டீங்கன்னா எக்ஸ்டர்னல் தான். இப்ப வர்ற கேஸ்ல 5.25 இஞ்ச் இடமே இருக்குறதில்ல, இருந்தாலும் டேப் டிரைவுக்கு முன்னால இருந்து பின்னால வரைக்கும் காத்து ஓடணும், சூடு ஏறினா ஹெட்டுக்கும் கேடு நாடாவுக்கும் கேடு. எக்ஸ்டர்னல் பெட்டில ஃபேனும் பவர் சப்ளையும் அதுக்குன்னே அளவெடுத்து வெச்சிருப்பாங்க. இன்டர்னல் தான் கிடைச்சுதுன்னா போடுங்க, ஆனா டிரைவுக்குப் பின்னாடி ஒரு ஃபேன் காத்தை இழுக்குற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கங்க. ஆன் பண்ணும்போது முதல்ல டிரைவ், அது தன் செல்ஃப் டெஸ்ட்டை முடிச்சு அமைதியானதும் கம்ப்யூட்டர். மாத்திப் பண்ணினா ஒண்ணும் வெடிக்காது, டிரைவ் கண்ணுல படாம ரீஸ்டார்ட் பண்ண வேண்டி வரும்.

லினக்ஸ்ல மாட்டின உடனே கர்னலே கண்டுபிடிச்சு எஸ்டி0ன்னு ஒரு டிவைஸைக் காட்டும், தனியா டிரைவர் எதுவும் வேண்டாம். விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர்ல டேப் டிரைவ்ஸ்னு ஒரு பிரிவு வரும், கம்பெனி டிரைவரைப் போடணும், ஆனா மை கம்ப்யூட்டர்ல டிரைவ் லெட்டரோட வரும்னு காத்திருக்காதீங்க, வராது. பழைய விண்டோஸ்ல என்டிபேக்கப்னு ஒண்ணு கூடவே வந்துது, விஸ்டாவோட அதை எடுத்துட்டாங்க, இப்ப டேப்ல எழுத தனி சாஃப்ட்வேர் வேணும்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு எல்டிஎஃப்எஸ். எல்டிஓ-5ல இருந்து டேப்பை ரெண்டு பகுதியா பிரிக்கலாம், ஒரு சின்ன பகுதில ஃபைல் பட்டியல், மீதில டேட்டா, அதனால பென் டிரைவ் மாதிரி இழுத்துப் போட்டு காப்பி பண்ணலாம். எச்பியும் ஐபிஎம்மும் இதுக்கு சாஃப்ட்வேர் கொடுக்குறாங்க. இன்னொரு கம்ப்யூட்டர்ல கூட எந்த பேக்கப் சாஃப்ட்வேரும் இல்லாம படிக்கலாம்ங்கிறது பெரிய சௌகரியம். ஆனா பென் டிரைவ் மாதிரி இருக்கே ஒழிய பென் டிரைவ் இல்ல. ஒரு ஃபைலை அழிச்சா இடம் திரும்ப வராது, முழுசா ஃபார்மேட் பண்ணினா தான் வரும். ஒரு ஃபைல்ல இருந்து இன்னொண்ணுக்குப் போக சராசரியா ஒரு நிமிஷம் ஆகும். போட்டோ ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரர்ல தம்ப்நெயில் வியூல திறந்து பாருங்க, ஒவ்வொரு போட்டோவையும் எட்டிப் பாக்க நாடா முன்னயும் பின்னயும் ஓடி அழும், கம்ப்யூட்டர் உறைஞ்சு நிக்கும். முதல்ல அந்த தம்ப்நெயிலை ஆஃப் பண்ணுங்க, லிஸ்ட் வியூ வெச்சு தேவையானதை மொத்தமா டிஸ்க்குக்கு காப்பி பண்ணிட்டு அப்புறம் பாருங்க.

இன்னொரு வழி டார். பேரே டேப் ஆர்கைவ்ங்கிறதோட சுருக்கம், இதுக்குன்னே பிறந்தது. லினக்ஸ் பழக்கம் இருந்தா இதுதான் எனக்குப் பிடிச்சது, இருபது வருஷம் கழிச்சும் எவனாவது ஒருத்தன்கிட்ட டார் இருக்கும். இதுல ஒரு கண்ணி இருக்கு, நான் விழுந்தது. லினக்ஸ்ல ஒரே டிரைவுக்கு ரெண்டு பேர், எஸ்டி0ன்னும் என்எஸ்டி0ன்னும். முதல் பேர்ல எழுதினா வேலை முடிஞ்சதும் டேப் தானா ஆரம்பத்துக்கு ரீவைண்ட் ஆயிடும், ரெண்டாவதுல எழுதின இடத்துலயே நிக்கும். நான் முதல் பேர்ல ஒரு ஃபோல்டரை எழுதினேன், பின்னாடியே அடுத்த ஃபோல்டரையும் எழுதினேன், ரெண்டும் எரர் இல்லாம முடிஞ்சுது, சந்தோஷமா லேபிள் ஒட்டி வெச்சுட்டேன். ரெண்டாவது, முதலாவது மேலயே உக்காந்திருந்துது. அது போதாதுன்னு டேப்ல எங்க எழுதினாலும் எழுதி முடிச்ச இடத்துல இதோட டேட்டா முடிஞ்சுதுன்னு ஒரு குறி வைக்கும், அதுக்கு அப்பால பழசு மிச்சம் இருந்தாலும் டிரைவ் அங்க போகாது. நாலு மாசம் கழிச்சுத் தான் தெரிஞ்சுது. நல்லவேளை ஒரிஜினல் டிஸ்க்ல இருந்துது.

இனி நான் ஆரம்பத்துல சொன்ன ஊட்டுற விஷயம். எல்டிஓ-5 நாடா 846 மீட்டர் நீளம், அதுல 1280 டிராக், (டேட்டா எழுதுற கோடு), ஒரு தடவைக்கு 16 டிராக் எழுதும், அதனால ஒரு கார்ட்ரிட்ஜ் நிறையணும்னா நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 80 தடவை ஓடணும், கூட்டிப் பாத்தா 67 கிலோமீட்டருக்கு மேல. அந்த ஓட்டத்துல விநாடிக்கு 140 எம்பி கேக்கும். எல்டிஓ-6 160 எம்பி, எல்டிஓ-7 300 எம்பி. நீங்க அவ்வளவு கொடுக்கலன்னா டிரைவ் கொஞ்சம் வேகத்தைக் குறைச்சு அனுசரிச்சுக்கும், தோராயமா மூணுல ஒரு பங்கு வரைக்கும் இறங்கி வரும். அதுக்கும் கீழ போனா வேற வழியில்லாம நிறுத்தும், ஓடுற நாடாவை டக்குனு நிறுத்த முடியாது இல்லையா, கொஞ்சம் தாண்டிப் போய் நின்னு, பின்னாடி வந்து, திரும்ப முன்னாடி ஓடி வேகம் பிடிச்சு விட்ட இடத்துல ஆரம்பிக்கும். இதுக்கு ஷூ ஷைனிங்னு பேரு, ஷூவுக்கு துணியால பாலிஷ் போடுற மாதிரி நாடா ஹெட் மேல முன்னயும் பின்னயும் தேயும். வேகமும் போச்சு, ஹெட்டும் தேயுது, நாடாவும் தேயுது.

வீட்டு ஹார்ட் டிஸ்க் பெரிய வீடியோ ஃபைலைப் படிச்சா விநாடிக்கு 150, 200 எம்பி சுலபமா கொடுக்கும். அதே டிஸ்க் லட்சக்கணக்கான சின்ன ஃபைல் இருக்குற ஃபோல்டரைப் படிச்சா சில எம்பிக்கு இறங்கிடும், அதை டேப் டிரைவுக்குக் கொடுத்தா யானைப் பசிக்கு சோளப்பொரி. நெட்வொர்க் வழியா நாஸ்ல (நெட்வொர்க்ல மாட்டின டிஸ்க் பெட்டி) இருந்து எழுதினாலும் இதே கதை, கிகாபிட் கேபிள்ல உச்சபட்சமே 110 எம்பி சொச்சம் தான், எல்டிஓ-7க்கு அது மூணுல ஒரு பங்கு கோட்டுலயே தடுமாறும். அதனால தான் சொல்றேன், ரொம்ப வேகமான டிரைவ் வாங்குறது எப்பவும் லாபம் இல்ல, உங்க டிஸ்க் எவ்வளவு வேகமா கொடுக்கும்னு அளந்து பாத்துட்டு டிரைவ் தலைமுறையை முடிவு பண்ணுங்க. உங்களுக்கு பெரும்பாலும் பெரிய வீடியோ ஃபைல், ஒரே ஹார்ட் டிஸ்க்ல இருந்து படிச்சா எல்டிஓ-6 கச்சிதமா பொருந்தும். எல்டிஓ-7 வாங்கினா கீழ சொல்ற எஸ்எஸ்டி ஏற்பாடு கூடவே வேணும்.

ஏற்பாடு என்னன்னா, முதல்ல ஒரு டேப் அளவுக்கு டேட்டாவை டார் ஃபைலா கட்டி எஸ்எஸ்டில வெச்சுட்டு, அங்க இருந்து ஒரே மூச்சுல டேப்புக்கு அனுப்பணும். எஸ்எஸ்டி சின்னதா இருந்தா ஐநூறு ஐநூறு ஜிபியா கட்டி அனுப்பலாம். இன்னொண்ணு எம்பஃபர்னு ஒரு சின்ன புரோகிராம், டாருக்கும் டேப்புக்கும் நடுவுல உக்காந்து ரேம்ல 4 ஜிபி 8 ஜிபி டேட்டாவைத் தேக்கி வெச்சு, தொட்டி தொண்ணூறு சதவீதம் நிறைஞ்சப்புறம் தான் மதகைத் திறக்கணும்னு அதுகிட்ட சொல்லி வைக்கலாம். அப்புறம் பிளாக் சைஸ் (ஒரு தடவைக்கு எழுதுற துண்டோட அளவு), நாம சொல்லலன்னா டார் 10 கேபி பிளாக்கா எழுதும், டேப்புக்கு அது ரொம்ப சின்னது, 256 கேபி இல்லன்னா 512 கேபி வைங்க, வெச்ச அளவை லேபிள்லயே எழுதுங்க, திருப்பிப் படிக்கும்போது அதைக் கேக்கும். ஷூ ஷைனிங் நடக்குதான்னு கண்டுபிடிக்க கருவி வேண்டாம், காது போதும். நல்லா ஓடுற டேப் ஒரே சீரான ரீங்காரம், கோடிக்குப் போனதும் ஒரு சின்ன நிறுத்தம், திரும்ப ரீங்காரம். சில விநாடிக்கு ஒரு தடவை விர்ர்னு நின்னு நின்னு முனகினா ஊட்டுறது பத்தலன்னு அர்த்தம்.

14 டிபியை ஆறு டேப்ல எப்படிப் பிரிக்கிறதுன்னு வரும். டார்லயே ஒரு டேப் முடிஞ்சா அடுத்ததைப் போடுன்னு கேக்குற வசதி இருக்கு, நான் அதைப் பயன்படுத்துறதில்ல. நாலாவது டேப் கெட்டா நடுவுல வெட்டுப்பட்ட ஃபைலோட மல்லுக்கட்டணும். வருஷ வாரியா, வேலை வாரியா ஃபோல்டரைப் பிரிச்சு ஒவ்வொரு டேப்பும் தனியா நிக்குற மாதிரி எழுதுவேன், கொஞ்சம் இடம் வீணாகும், போகட்டும். எந்த டேப்ல எந்த ஃபைல், அதோட ஷா-256 செக்சம் (ஃபைல் மாறாம இருக்கான்னு பாக்குற கைரேகை மாதிரி நம்பர்) என்னன்னு ஒரு பட்டியல் எடுத்து கம்ப்யூட்டர்லயும், பென் டிரைவ்லயும், ரெண்டு வரி கார்ட்ரிட்ஜ் லேபிள்லயும் இருக்கணும். பட்டியல் இல்லாத டேப்ல ஒரு ஃபைலைத் தேடுறது மூணு மணி நேர வேலை.

எழுதும்போதே ஹெட்ல பக்கத்துலயே இருக்குற இன்னொரு பகுதி உடனே படிச்சு சரி பாக்கும், தப்பா இருந்தா திரும்ப எழுதும், அதனால டேப்ல தப்பா எழுதப்படுறது அபூர்வம். ஆனா டிரைவுக்கு நீங்க கொடுத்தது சரியான ஃபோல்டர் தானான்னு அதுக்குத் தெரியாது. அதனால எழுதின மறுநாள் டேப்பைப் போட்டு முழுசா படிச்சு செக்சம் ஒத்துப் பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஃபோல்டரை நிஜமாவே வேற டிஸ்க்குக்கு எடுத்துத் திறந்து பாருங்க. என்கிரிப்ஷன் வேணும்னா எல்டிஓ-4ல இருந்து டிரைவுக்குள்ளயே ஏஇஎஸ்-256 இருக்கு, வேகம் குறையாது, லினக்ஸ்ல ஸ்டென்க்னு ஒரு புரோகிராம்ல ஆன் பண்ணலாம். கீயைத் தொலைச்சா டேட்டா போனது போனது தான், பேப்பர்ல எழுதி டேப் இருக்குற அலமாரில வைக்காம வேற இடத்துல வைங்க.

பராமரிப்பு பெருசா இல்ல. கிளீனிங் கார்ட்ரிட்ஜ் ஒண்ணு வாங்கி வைங்க, டிரைவ் கேக்கும்போது மட்டும் போடுங்க (ஐபிஎம் டிரைவ்ல சின்ன டிஸ்ப்ளேல சி-ன்னு வரும், எச்பில தனி லைட் எரியும்), வாராவாரம் போடுறேன்னு கிளம்பாதீங்க, அது ஹெட்டைச் சுரண்டுற சமாசாரம். பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கினா மூடியை லேசா தள்ளி உள்ள அந்த சின்ன உலோக லீடர் பின் நேரா உக்காந்திருக்கான்னு பாருங்க, கீழ விழுந்த கார்ட்ரிட்ஜ்ல அது நழுவியிருக்கும், அதை டிரைவ்ல போட்டா ரெண்டும் காலி. காந்தம் போட்டு அழிச்ச எல்டிஓ டேப்புன்னு யாராவது வித்தா தொடவே தொடாதீங்க, ஹெட்டுக்கு வழி காட்ட ஃபேக்டரில எழுதின செர்வோ டிராக்கும் சேந்து அழிஞ்சிருக்கும், திரும்ப அதை எந்த டிரைவும் ஏத்துக்காது. டேப்பைப் பெட்டியோட செங்குத்தா நிறுத்தி வைங்க, 16ல இருந்து 25 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ. முப்பது வருஷம் தாங்கும்னு கம்பெனிக்காரங்க சொல்றது இந்த மாதிரி வெச்சிருந்தா தான். என் அனுபவத்துல டேப் சாகுறதுக்கு முன்னாடி அதைப் படிக்குற டிரைவ் கிடைக்காம போறது தான் முதல்ல வரும், அதனால டேட்டா நல்லா இருக்கும்போதே, ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை புது தலைமுறைக்கு மாத்தி எழுதிடுறது நல்லது.

சத்தம் கேட்டீங்க. வரும். நாடா ஓடுற சத்தம் பரவாயில்ல, எக்ஸ்டர்னல் பெட்டில இருக்குற சின்ன ஃபேன் தான் விசில் அடிக்குற மாதிரி இருக்கும், படுக்கிற ரூம்ல வெச்சு ராத்திரி எழுத விட்டா தூங்க முடியாது. அந்த ஃபேனைக் கழட்டிட்டு சத்தமில்லாத ஃபேன் போடலாம்னு தோணும், அதே அளவு காத்து தள்ளுற ஃபேனா இருந்தா மட்டும் போடுங்க. நான் பண்றது, எழுதுற அன்னிக்கு மட்டும் டிரைவை ஆன் பண்ணி பகல்ல ஓட விட்டுட்டு வேற வேலை பாப்பேன், முடிஞ்சதும் கார்ட்ரிட்ஜை வெளிய எடுத்துட்டு தான் பவரை ஆஃப் பண்ணுவேன், உள்ள விட்டுட்டு ஆஃப் பண்ணக்கூடாது.